முதல் அடி இல்லாத பாட்டு

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. எதற்கும் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. ஜோக் சொன்னால் எங்கே சிரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். சினிமாவுக்குப் போனால் பக்கத்து சீட்காரருக்கு இடைவேளைக்குள் கதையின் உட்பொருள் கிடைத்துவிடும். (கல்யாணமான புதிதில் என் மனைவி இதை அறிவு என்று நினைத்தாள். பாவம்.) இந்த வியாதியால் எனக்கு வேலை போகவில்லை, சொத்து போகவில்லை. ஒரு குடும்பத்தின் மானம் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் போனது. போனது என் குடும்பத்து மானம்கூட இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. இன்ஜினீயரிங் படிப்பை மூன்று அரியருடன் முடித்துவிட்டு, இரும்புலியூரில் ஒரு பங்க் பேண்ட் நடத்திக்கொண்டிருந்தேன். பங்க் என்றதும் பயப்பட வேண்டாம். கிட்டாரில் மூன்றே மூன்று கார்டு, நிறையக் கோபம், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இங்கிலாந்தில் வேலையில்லாத பையன்கள் ஆத்திரத்தில் ஆரம்பித்த சங்கீதம் என்று பிரவுசிங் சென்டரில் படித்திருந்தேன். வேலையில்லாமையும் ஆத்திரமும் எங்கள் பக்கத்திலும் தாராளமாகக் கிடைத்ததால் நாங்களும் ஆரம்பித்தோம். பேண்டின் பெயர் ‘கேட் மூடியாச்சு’. (ஒத்திகை அறை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு காரணம் இல்லை. ஆனால் யாராவது கேட்டால் இருபது நிமிஷம் காரணம் சொல்வேன்.)

மொத்தம் மூன்று பேர். நான் கிட்டார். டிரம்ஸ் தேசப்பன். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரன். அவன் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றார்கள், அவன் பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். எங்களில் தாளம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். மூன்றாவது ரமணன், பாடகன். எங்கள் காலனியில் என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. அதிகம் பேசமாட்டான். மைக்கைக் கொடுத்தால் மட்டும் தொண்டை கிழியக் கத்துவான். அந்த வயதில் எங்களுக்கு அதுவே பாட்டு.

ஒரு நாள் ரமணன் ஒரு புதுப் பாட்டோடு வந்தான். மெதுவான பாட்டு. ‘எட்டு பத்து வண்டி’ என்று பெயர்.

“எட்டு பத்து வண்டி வருது, ஏறிக்கோ
எங்கன்னு யாரும் கேக்கல, ஒக்காந்துக்கோ
எறங்குற எடமெல்லாம் மூடியாச்சு
எதிர் வண்டி வருது பாரு, மாறிக்கோ.”

அவ்வளவுதான் வரிகள். திரும்பத் திரும்ப அதையே பாட வேண்டும்.

“இதை எப்படிடா கத்துறது?” என்றேன்.

“கத்த முடியலடா. கத்துற விஷயம் இல்ல இது” என்றான்.

எனக்கு உடனே ரெகே என்கிற ஜமைக்கா சங்கீதம் ஞாபகம் வந்தது. பிரவுசிங் சென்டரில் பதினாலு பக்கம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். ஜமைக்காவிலிருந்து வந்தவர்களும் இங்கிலாந்துப் பங்க் பையன்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்தார்கள், ஜமைக்காக்காரர்கள் சங்கீதம் பங்க் பையன்களிடம் ஒட்டிக்கொண்டது என்று அதில் இருந்தது. ரெகேயில் விசேஷம் என்னவென்றால், ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணும்போது உலகத்தில் எல்லோரும் ஒன்றில் ஓங்கி அடிப்பார்கள். ரெகேக்காரர்கள் அந்த ஒன்றைச் சும்மா விட்டுவிடுவார்கள். டிரம்ஸ் மூன்றில்தான் விழும். கிட்டார் இரண்டிலும் நாலிலும் வெட்டிவெட்டி விழும். இதையெல்லாம் தேசப்பனுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினேன்.

“இன்னா மச்சான், மொத அடிய முழுங்கணும், அவ்ளோதானே? அத சொல்றதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் பண்ற?” என்று சொல்லிவிட்டு உடனே வாசித்துக் காட்டினான்.

பேஸ் கிட்டார் வாசிக்க எங்களிடம் ஆள் இல்லை. பேஸ் இல்லாத ரெகே பருப்பு இல்லாத சாம்பார் மாதிரி. ஆனாலும் ரமணன் கண்ணை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடி முடித்ததும், மறுபடி பாடச் சொல்லி நாலு தடவை கேட்டோம். நாங்கள் செய்த ஒரே நல்ல பாட்டு அது. இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

அன்றைக்குத் திரும்பும்போது தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று ரமணனைக் கேட்டேன்: “பாட்டுக்கு அர்த்தம் என்னடா?”

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். அவனும் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னான்.

அவன் அப்பா வேணுகோபால் அங்கிள் கிண்டியில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனி ஐந்து மாதம் முன்பே மூடிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் வழக்கம்போலக் கிளம்பி, லோக்கல் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷன் வரை போவார். அங்கிருந்து திரும்பி வருவார். மறுபடி போவார். ரமணன் ஒரு நாள் தற்செயலாகக் கோடம்பாக்கம் பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்திருக்கிறான். ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, குடையை மடியில் போட்டுக்கொண்டு, டிபன் கேரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் பேனாவால் கட்டம் கட்டிக்கொண்டிருந்தாராம். இவன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“அம்மாவுக்குத் தெரியாதுடா. தெரிஞ்சா செத்துருவாங்க. வேற வேலை கெடைச்சதும் அவரே சொல்லிப்பாரு. நீ வாயத் தொறந்துடாத.”

“சீ, நானா?” என்றேன். (ஆமாம், நான்தான்.)

அந்த மாசமே எங்கள் காலனி நலச்சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. மேடை என்று எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதில் ஒரு சட்டம் இருந்தது. முந்தின வருஷம் யாரோ ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடி, அதன் வரிகள் மாதர் அணிக்குத் தாமதமாகப் புரிந்து, பெரிய ரகளையாகிவிட்டது. அதிலிருந்து பொருள் தெரியாத எதுவும் மேடை ஏறக் கூடாது என்று செயலாளர் நடராஜன் சார் உத்தரவு போட்டுவிட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பரதநாட்டியத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் ராகம், தாளம், இயற்றியவர், பொருள் என்று வாசிப்பார்களே, அதே மாதிரி எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். மிமிக்ரிக்கும் உண்டு. எல்.கே.ஜி. குழந்தைகளின் பட்டாம்பூச்சி நடனத்துக்கும் உண்டு.

நான் நிரப்பிக் கொடுத்தேன். ராகம்: ரெகே. தாளம்: முதல் அடி இல்லை. இயற்றியவர்: ரமணன். பொருள்: ரயில் பயணத்தின் சிறப்பு. என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே சுருக்கமான விளக்கம் அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

விழாவன்று முதல் பாட்டாக எங்கள் பங்க் பாட்டைப் போட்டோம். ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக உட்காருவதைப் பற்றியது. ஸ்பீக்கர் ஊளையிட்டது. மூன்று குழந்தைகள் வீறிட்டன. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காதில் இருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முடிந்ததும் கைதட்டலே இல்லை. சுண்டல் விநியோகம் மட்டும் ஆரம்பமானது.

நடராஜன் சார் மைக்குக்கு வந்தார். “தம்பிகள் ஆர்வமாகச் செய்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. அடுத்த பாட்டு… ராகம், ரெகேயாம். இயற்றியவர் நம்ம ரமணன். தாளம்…” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “முதல் அடி இல்லையாம். நமக்கெல்லாம் அடியெடுத்துக் கொடுத்த ஆண்டவனைத்தான் தெரியும். அடியே இல்லாத தாளம் இப்போதுதான் வருகிறது.” கூட்டம் சிரித்தது. “பொருள், ரயில் பயணத்தின் சிறப்பு. இதற்கா இத்தனை சத்தம்? போகட்டும், ஏதாவது அர்த்தம் இருந்தால் சரி.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் ஒரே நல்ல பாட்டைப் பாடுவதற்கு முன்பே சிரிக்கிறார்களே என்று ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த மனுஷர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்றும் சொல்லலாம்.

“சார், அர்த்தம் இருக்கு” என்றேன்.

அப்புறம் பேசினேன் பாருங்கள். ஜமைக்காவில் ஆரம்பித்து, அடிமைகளின் துயரம் வழியாக, இங்கிலாந்துப் பங்க் பையன்களைத் தொட்டு, நேராக எங்கள் காலனிக்கு வந்து இறங்கினேன்.

“இது நம்ம மத்தியில் வாழ்கிற ஒருத்தரோட கதை. இருபத்திரண்டு வருஷம் உழைச்சார். கம்பெனியை மூடிட்டாங்க. அஞ்சு மாசமா வீட்டுல மனைவிக்குக்கூடச் சொல்லாம, தினம் காலையில கிளம்பி, லோக்கல் ட்ரெய்ன்ல இங்கயும் அங்கயும் போயிட்டு வர்றார். மடியில குடையை வெச்சுக்கிட்டு பிளாட்பாரத்துல உட்கார்ந்திருக்கார். தாளத்துல முதல் அடி ஏன் இல்ல தெரியுமா? இருக்க வேண்டிய எடத்துல அவர் இல்ல. அதான் சார் அர்த்தம்!”

பெயர் சொல்லவில்லை. ஆகவே ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். உண்மையில் கதவு எண்ணைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கொளுத்தும் மே மாதத்திலும் குடையோடு ஸ்டேஷனுக்குப் போகிற மனிதர் எங்கள் காலனியில் ஒரே ஒருவர்தான். ‘குடை வேணு’ என்றுதான் அவரைச் சொல்வார்கள். பாட்டை எழுதியவன் பெயரை நடராஜன் சார் கொஞ்சம் முன்புதான் மைக்கில் வாசித்திருந்தார், அவன் யார் மகன் என்று காலனிக்கே தெரியும்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன்வரிசை பின்னால் திரும்பியது, கடைசி வரிசை எக்கிப் பார்த்தது. எல்லாத் தலையும் நாலாவது வரிசையின் ஓரத்துக்குத்தான் போயின. அங்கே வேணுகோபால் அங்கிள் மடியில் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

ரமணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே அண்டாவோடு நின்ற தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சுண்டல் கொடுக்கும் பொறுப்பு சரோஜா ஆன்ட்டியுடையது. கரண்டி அந்தரத்தில் நின்றது.

இந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து தேசப்பன் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டான். நான் பேசியது ஒன்றும் அவன் காதில் விழவில்லை. (நான் பேச ஆரம்பித்தால் காதை மூடிக்கொள்வது அவன் பழக்கம்.) தாளம் கிளம்பியது. என் கை தானாக இரண்டிலும் நாலிலும் வெட்டியது. ரமணன் பாடவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. தேசப்பன் மறுபடி முதலிலிருந்து சுற்றினான். மறுபடி. மறுபடி. வரிகளே இல்லாமல் அந்தத் தாளம் ஐந்தாறு நிமிஷம் ஓடியது. நான் சாக வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். அதற்கும் கேட் மூடியிருந்தது.

“பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?” என்று நடராஜன் சார் பக்கத்திலிருந்து கிசுகிசுத்தார்.

சரோஜா ஆன்ட்டி மறுபடி சுண்டல் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தரையும் விடவில்லை. ஒவ்வொரு கப்பாக. நாலாவது வரிசைக்கு வந்தார்கள். அங்கிளுக்கும் ஒரு கப் கொடுத்தார்கள், முகத்தைப் பார்க்காமல். மீதி வரிசைகளையும் முடித்துவிட்டு, காலி அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்கள்.

அங்கிள் எழுந்து பின்னால் போகவில்லை. எழுந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ, கால் வரவில்லையோ. சுண்டலை ஒவ்வொரு கடலையாகத் தின்றார். ஒருவழியாகத் தேசப்பனுக்கு அலுத்துப்போய்த் தாளம் நின்றதும், கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். அவர் ஒருவர் மட்டும். அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. நான் அழுதுவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் ரமணன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மைக் ஒயரைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டுப் போனான். விஷயத்தைக் கேட்ட தேசப்பன்தான் என் சட்டையைப் பிடித்தான்.

“டேய் கஸ்மாலம்! எங்க குப்பத்துல கடலுக்குப் போனவன் திரும்பி வரலன்னா, பாடிக்கினே அழுவாங்க. கேக்கறவன் கேட்டுக்குவான். இன்னாத்துக்கு அழுவறோம்னு யாராச்சும் மைக்குல சொல்வாங்களாடா? அதான் அவன் பாட்டா எழ்தி வச்சிகீறானே! அப்பறம் நீ இன்னாத்துக்கு நடுவுல?”

அன்றோடு பேண்ட் முடிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் வேணுகோபால் அங்கிள். அயர்ன் செய்த சட்டை, ஷூ, குடை. அறை விழப்போகிறது என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“எட்டு பத்து இல்லப்பா, எட்டு இருபத்தஞ்சு” என்றார்.

“அங்கிள்?”

“எட்டு பத்துல கூட்டம். உக்கார எடம் கெடைக்காது. எனக்கு என்ன அவசரம், எட்டு இருபத்தஞ்சுலதான் போவேன். ரமணன் தப்பா எழுதிட்டான்.” குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “இன்னிக்கு எங்க போறதுன்னு தெரியல. வீட்ல இருக்கவும் முடியல. கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுமா?”

என் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். நான் பாத்ரூமுக்குள் போய் ஒரு மணி நேரம் ஒளிந்துகொண்டேன். வெளியே வந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தார். “அந்த ரெகேன்னா என்னப்பா?” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் என்ன செய்தது தெரியுமா? பதினாலு பக்கத்தையும் எடுத்து வந்து விளக்கியது. (சொன்னேனே, வியாதி.) அவர் மரியாதையாகக் கடைசி வரை கேட்டார்.

“மொத அடியே இல்லேன்னா, ஆடறவன் எதை வெச்சுக் காலை எடுத்து வைப்பான்?” என்றார்.

பதினாலு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, ‘மத்தியானம் ஆச்சு’ என்று எழுந்து போனார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். சரோஜா ஆன்ட்டி பதினோரு நாள் அங்கிளோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. ஆனால் தினமும் காலை ஏழே முக்காலுக்கு டிபன் கேரியரைக் கட்டிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுவார்களாம். அங்கிள் மத்தியானம் வரை காத்திருந்து, சொந்த வீட்டு மேஜையில் கேரியரைத் திறந்து சாப்பிடுவாராம். பன்னிரண்டாம் நாள் கேரியரைக் காணோம். தட்டு வைக்கப்பட்டது. அடுத்த வருஷம் அங்கிள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். நடந்தே போய்விடுகிற தூரம்.

ரமணன் மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. அவன் கல்யாணம் குன்றத்தூர் கோயிலில் நடந்தது. பத்திரிகையை ஆன்ட்டிதான் வீட்டுக்கு வந்து கொடுத்தார்கள். பயந்துகொண்டே போனேன். கை கொடுத்தபோது மாப்பிள்ளை சொன்னது இவ்வளவுதான்: “வந்தியா? சாப்ட்டுட்டுப் போ. நாயனக்காரர் மைக் பக்கம் மட்டும் போகாத.”

பந்தியில் ஆன்ட்டி என்னைச் சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகம் செய்தார்கள். “இவன்தான், எங்க வீட்டுக்காரருக்கு வேலை போன விஷயத்தை எனக்கு மைக்ல சொன்னவன். தந்தி வரும், போன் வரும், எனக்கு ரெகே வந்துது!” இலை முன்னால் இருந்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கிள்தான் அதிகம் சிரித்தார்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் இதுதான் நிரந்தரமான ஜோக். நான் எங்கேயாவது வாயைத் திறந்தால் என் மகள்கூட, “அப்பா, அர்த்தம் சொல்லப் போறியா?” என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். அங்கிள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஆன்ட்டி இன்னும் சொல்கிறார்கள், போன மாதம் ரமணன் கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக் குடிபுகுந்த அன்றும் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்து, “சாரி ஆன்ட்டி” என்றேன், இத்தனை வருஷம் கழித்து.

“நீ எதுக்குடா சாரி சொல்ற? அஞ்சு மாசம் அந்த மனுஷன் பிளாட்பாரத்துல ஆறிப்போன சோத்தைத் தின்னுருக்காரு. நான் வீட்ல தனியா சூடா வடிச்சுப் போட்டுக்கிட்டு, டிவி பாத்துக்கிட்டு சாப்ட்டிருக்கேன்டா.”